முன்பணம் கொடுத்த பிறகு வந்த நடுக்கம்

கேள்வி: பல ஆண்டுகளாக வீட்டிலேயே தையல் வேலை செய்து வருகிறேன். கடைத்தெருவில் ஓர் இடம் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டேன். ஆடி கழியட்டும் என்றேன். ஆவணி பிறந்ததும் வேறொரு காரணம் சொன்னேன். இப்போது கடைச் சாவியைக் கையில் எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறது. நான் கோழையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, 1891-இல் லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பிய காந்தி, பம்பாயில் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் 30 ரூபாய் கட்டணத்துக்குத் தம் முதல் வழக்கை ஏற்றார். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பித் தருவதாகவும் வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு வெளியேறியவர், தென்னாப்பிரிக்கா செல்லும் வரை நீதிமன்றப் படியேறவில்லை என்று தாமே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் தொழில் தெரியாதவர் அல்லர். அதன்பின் ராஜ்கோட்டில் மனுக்கள் எழுதிக் கொடுத்தே மாதம் 300 ரூபாய் அளவுக்குச் சம்பாதித்தார்.

1893-இல் அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது 40,000 பவுண்டு (பிரிட்டிஷ் பணம்) வழக்கு ஒன்றுக்காக. அது முழுக்கக் கணக்கு வழக்கு சம்பந்தப்பட்டது; அவருக்கோ புரோநோட்டை (கடன் பத்திரத்தை) குறிக்கும் சுருக்கச் சொல்கூடப் புரியவில்லை, அகராதியிலும் கிடைக்கவில்லை. கூச்சப்படாமல் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கணக்கு எழுதும் முறை பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். (ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கதையை எல்லோரும் சொல்கிறோம், குமாஸ்தாவிடம் சந்தேகம் கேட்ட கதையை யாரும் சொல்வதில்லை.) பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மை பேசுவது பற்றி அவர் ஆற்றிய உரையே தம் முதல் பொதுப்பேச்சு என்கிறார், அதற்கு ஓரளவு தயாரித்துக்கொண்டுதான் போனார். இரண்டே ஆண்டுகளில் அவருக்குப் புதிய தைரியம் பிறந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. பேச வேண்டிய விஷயம் கைவசம் இருந்தது, அவ்வளவே.

கத்தரிக்கோலை எடுக்கும்போது உங்கள் கை நடுங்குவதாக நீங்கள் எழுதவில்லை. சாவியை எடுத்தால்தான் படபடப்பு. தையல் உங்களுக்குத் தெரியும், கடை நடத்தத் தெரியாது, பயம் அங்கேதான் இருக்கிறது. வாடகை, மின்கட்டணம், காஜா எடுப்பவருக்குக் கூலி எல்லாம் போக, மாதத்துக்கு எத்தனை ரவிக்கை தைத்தால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டீர்களா? அதே தெருவில் கடை வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டீர்களா? நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு ரூபாய்க் கணக்குகூட இல்லை.