தராசில் தோற்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானியக் குத்துச்சண்டை உலக சாம்பியன் நவோயா இனோவே பற்றி நீங்கள் விரிவாக எழுத வேண்டும். 2024-இல் லூயிஸ் நேரி, 2025-இல் ரமோன் கார்டெனாஸ் என்று இரண்டு பேர் அவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டார்கள். இறங்குமுகம் ஆரம்பித்துவிட்டதா? அடுத்த எடைப்பிரிவான ஃபெதர்வெயிட்டுக்குப் போனால் தாங்குவாரா? உச்சத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் வீரர் மானி பக்கியாவோடு மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

என் தம்பிக்கு 17 வயது. குத்துச்சண்டை கற்கிறான். போன மாதம் மாவட்டப் போட்டிக்காக மூன்றே நாளில் நான்கு கிலோ இறக்கி 54 கிலோ பிரிவில் நின்றான். அந்த ஜப்பான்காரர்களின் வெறி அவனிடமும் இருக்கிறது. முதல் சண்டையிலேயே தோற்றான் என்றாலும் எனக்குப் பெருமைதான்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பக்கியாவ் கேள்வியை விடுங்கள். பொழுது போகாதவர்கள் பேசட்டும். இறங்குமுகமா என்றால், நேரியிடம் விழுந்த அந்த முதல் ரவுண்டை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். டோக்கியோ டோம் நிறைய கூட்டம். தொழில்முறையில் அவர் விழுவது அதுதான் முதல் தடவை. துள்ளி எழவில்லை. ஒரு முட்டியை ஊன்றிக்கொண்டு, நடுவர் எட்டு எண்ணும்வரை இருந்துவிட்டு எழுந்தார். அடுத்த ரவுண்டிலேயே நேரியை விழவைத்தார், ஆறாவதில் சண்டையை முடித்தார். கார்டெனாஸ் கதையும் அப்படித்தான், இரண்டாவதில் விழுந்தார், எட்டாவதில் முடித்தார். 2025 செப்டம்பரில் அக்மதலியேவுக்கு எதிராக 12 ரவுண்டும் தூரம் காத்து ஆடியதைப் பார்த்த எவரும் இறங்குமுகம் என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தின் கடைசி நான்கு வரிகளுக்காக. ‘மூன்றே நாளில் நான்கு கிலோ’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பெருமை என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இனோவேயின் வாழ்க்கையைப் பெல்ட்டுகளின் கணக்காகவே எல்லோரும் சொல்கிறார்கள். நான்கு எடைப்பிரிவு, அதில் இரண்டில் நான்கு உலக அமைப்புகளின் பட்டங்களும் ஒரே கையில். சரிதான். அதன் திருப்புமுனை ஒரு தராசின் மேல் நடந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. 2014 ஏப்ரலில், தன் ஆறாவது சண்டையிலேயே, அட்ரியன் எர்னாண்டஸை வீழ்த்தி லைட் ஃப்ளைவெயிட் உலகப் பட்டம் வாங்கினார். அந்தப் பிரிவின் வரம்பு 48.9 கிலோ. 21 வயதாகப் போகும் பையன் அந்த எடைக்குள் உடம்பைத் திணித்திருந்தார். சண்டை நடுவே காலில் தசை பிடித்துக்கொண்டது. முன்னேறிக்கொண்டிருந்தவர் வேறு வழியில்லாமல் அடித்து முடிக்கப் பார்த்து, ஆறாவது ரவுண்டில் முடித்தும்விட்டார். வெற்றியைக் கொண்டாடியவர்களுக்கு அந்தக் கால் கண்ணில் படவில்லை. அவருடைய அப்பா ஷிங்கோவும் அவர் பயிற்சி பெறும் ஓஹாஷி ஜிம்மும் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை பட்டத்தைக் காத்துவிட்டு அதைத் துறந்தார்கள். ஃப்ளைவெயிட்டில் நிற்கக்கூட இல்லை, அதைத் தாண்டி நேராக 52.1 கிலோ சூப்பர் ஃப்ளைவெயிட்டுக்கு ஏறினார்கள்.

அதே வருடம் டிசம்பர் 30. எதிரில் ஓமர் நர்வாயெஸ், தொழில்முறையில் அதுவரை ஒருமுறைகூடத் தரையைத் தொடாதவர். முதல் ரவுண்டில் இரண்டு முறை விழுந்தார், இரண்டாவதில் இரண்டு முறை. கையுறைக்குள் என்ன வைத்திருக்கிறாய் என்று எதிர்த்தரப்பு சந்தேகப்பட்டு, கழற்றிக் காட்டச் சொன்னது. உள்ளே சோறு தின்ற கைதான் இருந்தது. அந்தக் கைக்கும் விலை உண்டு, சும்மா இல்லை. வலது கை காயப்பட்டு ஒரு வருடம் ரிங் பக்கம் வர முடியவில்லை. ஆனாலும் அந்த மூன்று சொச்சம் கிலோவை உடம்புக்குத் திருப்பிக் கொடுத்ததிலிருந்துதான் நீங்கள் ரசிக்கும் இனோவே தொடங்குகிறார்.

ஜப்பான்காரர்களின் வெறி என்கிறீர்களே, அதன் இன்னொரு பக்கத்தையும் கேளுங்கள். ஃபைட்டிங் ஹராடா 19 வயதில், 1962-இல், போன் கிங்பெட்சை வீழ்த்தி ஃப்ளைவெயிட் உலக சாம்பியன் ஆனார். 1965-இல் அதற்கு மேலான பேண்டம் எடைப்பிரிவில் ஏடர் ஜோஃப்ரேயைத் தோற்கடித்தார், அடுத்த வருடம் மறுபடியும். ஜோஃப்ரேயைத் தொழில்முறையில் வென்றவர் வேறு யாரும் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் எடை குறைக்கும் நாட்களில் ஜிம்மின் குழாய்களையெல்லாம் அடைத்துவைக்க, கழிப்பறைத் தண்ணீரைக் குடித்துவிடலாமா என்று நின்ற கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் காலத்தில் சண்டை நாள் காலையில்தான் எடை பார்ப்பார்கள். 1969-இல் ஃபெதருக்கு ஏறி, சிட்னியில் ஜானி ஃபாமெஷனை மூன்று முறை தரையில் தள்ளியும், நடுவர் வில்லி பெப்பின் அட்டையில் ஒரு புள்ளியில் தோற்றார். 1970 ஜனவரியில் மறுமோதலிலும் தோற்று ஓய்வு பெற்றபோது வயது 26. அந்தப் புள்ளிக்காக எல்லோரும் பெப்பைத் திட்டுவார்கள். எனக்குக் கோபம் அந்தக் குழாயை அடைத்தவர்கள் மேல்.

சமீபக் கதை வேண்டுமா? டைகோ ஹிகா, ஒகினாவா பையன், ஃப்ளைவெயிட் சாம்பியன், 15 சண்டையும் நாக்அவுட். 2018 ஏப்ரலில் தராசில் வரம்பைவிட 900 கிராம் அதிகமாக நின்றார். தராசில் பட்டத்தை இழந்த முதல் ஜப்பானிய உலக சாம்பியன். பட்டம் இல்லாமலே மறுநாள் ரிங் ஏறி ஒன்பதாவது ரவுண்டில் தோற்றார். நீங்கள் பெயர் சொன்ன அதே நேரி, அதற்கு முந்தைய மாதம் ஜப்பானிய வீரர் யமனகாவுக்கு எதிராக ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாக வந்து, பெல்ட்டைத் தராசிலேயே விட்டுவிட்டு, அந்தக் கூடுதல் சதையோடு அடித்து ஜெயித்தார். யமனகாவின் கடைசிச் சண்டை அது. அதற்காக நேரியை ஜப்பானில் காலவரையின்றித் தடை செய்தார்கள். டோக்கியோ டோம் கூட்டம் அவ்வளவு ஆவேசமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் தம்பி. 58 கிலோவில் 4 கிலோ என்றால் உடம்பின் ஏறக்குறைய 7 விழுக்காடு. 2 விழுக்காடு நீர் போனாலே மூச்சும் வேகமும் குறையும். மூன்று நாளில் கொழுப்பு கரையாது. போனது தண்ணீரும், தசையில் சேர்ந்திருந்த மாவுச்சத்தும். அந்த மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், இரண்டும் சேர்ந்தே போகும், திரும்ப நிரம்ப ஒரு முழு நாள் ஆகும். ரத்தத்தின் அளவு குறைவதால் அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். உப்பும் போவதால் தசை பிடிக்கும். தொழில்முறைக்காரர்களுக்கு முதல் நாளே எடை, ஒன்றரை நாள் வரை அவகாசம். உங்கள் தம்பி ஆடும் அமெச்சூர் போட்டியில் சண்டை நாள் காலையில் எடை, சில மணி நேரத்தில் மணி அடித்துவிடும். ஜெயித்தால் அடுத்த சண்டை நாளிலும் மறுபடி தராசு. ஜப்பானைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. அவன் முதல் சண்டையில் தோற்றதற்கு எதிராளி எவ்வளவு காரணமோ தெரியாது, காலி ரத்தக்குழாய் நிச்சயம் ஒரு காரணம்.

2025 ஆகஸ்டில் டோக்கியோ கொராகுயென் ஹாலில் ஒரே இரவில் ஆடிய இரண்டு வீரர்கள், இருவருக்கும் 28 வயது, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். மூளையின் மேலுறைக்குக் கீழே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கிழிந்து வரும் கசிவு அது. அதன்பின் ஆசியப் பட்டச் சண்டைகளை 12 ரவுண்டிலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். உடம்பில் நீர் வற்றியிருப்பது இந்த ஆபத்தை எவ்வளவு கூட்டும் என்று மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கட்டும். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு 17 வயதுப் பையன் எதற்கு?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள், ஒரு வாரம் தொடர்ந்து. அதன் சராசரிதான் அவன் எடை. அந்த எடைக்கு மேலே எந்தப் பிரிவோ அதில் பெயர் கொடுங்கள். வளரும் வயது, அடுத்த வருடம் அதுவும் பத்தாது. கொஞ்சம் கூடுதலாக நின்றால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்கக் கூடாது, அப்படியானால் நான்கு கிலோவுக்கு எட்டு வாரம். கடைசி இரண்டு நாள் கீரை, காய்கறி, ஊறுகாய், அப்பளம் குறைத்தால் குடல் காலியாகி ஓரளவு தானாகவே இறங்கும், அத்தோடு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடுவது, எச்சில் துப்புவது, வெந்நீர்த் தொட்டி எதுவும் வேண்டாம். நீர் பிரியும் மாத்திரையை எவனாவது நீட்டினால் அங்கிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அது தடைசெய்யப்பட்ட மருந்து, இதயத்தையும் நிறுத்தும்.

எடை பார்த்தபின் வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்கவிடாதீர்கள். வயிறு உப்பும், பாதி சிறுநீராகப் போய்விடும். ஓஆர்எஸ் கரைசலைக் கால் மணிக்கு ஒரு டம்ளராகக் கொடுங்கள். இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் கணக்கு. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி, வாழைப்பழம் போதும். பிரியாணி வெற்றிக்குப் பிறகு. சிறுநீர் டீ நிறத்தில் இருந்தாலோ, எழும்போது தலை சுற்றினாலோ, வார்ம்அப் செய்தும் வியர்க்காவிட்டாலோ அன்றைக்கு ரிங் ஏறக் கூடாது. கோச் திட்டுவார். திட்டட்டும்.

ஃபெதர்வெயிட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது 57.1 கிலோ, இனோவே இப்போது ஆடுவது 55.3. ஏறுவதா வேண்டாமா என்பதை ஓஹாஷி ஜிம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் நாளையிலிருந்து ஏழு நாள் உங்கள் தம்பியின் காலை எடையை ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். கூடவே அடுத்த போட்டியின் தேதியும்.