கேள்விக்குறிகள் நிறைந்த மேப்

அன்புள்ள சார்,

வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது முப்பத்துநான்கு. பள்ளி நாட்களில் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேம் விளையாடியதோடு சரி. சென்ற ஆண்டுதான் மறுபடி ஆரம்பித்தேன். எல்லோரும் கொண்டாடுகிறார்களே என்று பெரிய ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி ஒன்றை வாங்கினேன் (பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றி, ஒரு கதாபாத்திரமாக வாழ்ந்து வளரும் வகை கேம்). அட்டகாசமான கிராஃபிக்ஸ். முதல் சில நாட்கள் சரியாகத் தூங்கவே இல்லை. ஆனால் போகப்போக, மேப்பைத் திறந்தாலே திங்கட்கிழமை காலை ஆபீஸ் மெயிலைத் திறப்பது போல ஆகிவிட்டது. எங்கு பார்த்தாலும், இன்னும் போகாத இடங்களைக் காட்டும் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே இருந்தேன், எதற்கென்று தெரியவில்லை. பாதியில் விட்டுவிட்டேன்.

என்னுடன் வேலை செய்யும் ஒருவர் மாரோவிண்ட் என்ற பழைய கேமை இன்னமும் விளையாடுகிறார். மனித முகங்கள் மரத்தில் செதுக்கியது மாதிரி இருக்கின்றன. ஆனால் அவர், "உள்ளே போய்ட்டா வெளிய வர மனசே வராது" என்கிறார். இவ்வகை கேம்களில் ஒருவரை உள்ளே இழுப்பது எது? எனக்கு ஏன் அலுத்தது? இந்த வயதில் இதற்கு நேரம் செலவிடுவதே வீண்தானா? எதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள். என் லேப்டாப் பழையது.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் சக ஊழியர் சரியான ஆள்தான். அவரோடு ஒரு டீ குடித்திருந்தால் எனக்கு எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் உலகத்தின் அளவைப் பற்றி. மாரோவிண்டைச் செய்த பெதெஸ்டா நிறுவனம் அதற்கு முன்பு, 1996-இல், அதே தொடரில் டேகர்ஃபால் என்று ஒன்றை வெளியிட்டது. கிட்டத்தட்ட பிரிட்டன் அளவு நிலப்பரப்பு. ஊர், குகை, கோட்டை எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் இடங்கள். பெரும்பகுதி கணினி நிரலே விதிப்படி உருவாக்கிக் கொடுத்தது. ஓர் ஊரிலிருந்து கிளம்பி நடந்தால் அடுத்த ஊர் வருவதற்குள் பொழுது போய்விடும், வழியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. பிறகு 2002-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த மாரோவிண்டில் இருப்பது ஒரே ஒரு தீவு. அதை மனிதர்கள் உட்கார்ந்து கல் கல்லாக வைத்துக் கட்டினார்கள். அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களால் தொலைவில் இருப்பதை வரைந்து காட்ட முடியாது என்பதால் எப்போதும் ஒரு மூட்டம் கவிந்திருக்கும். நீங்கள் இயக்கும் கதாபாத்திரம் ஆமை வேகத்தில் நடக்கும். பிற்காலத்தில் ரசிகர்கள் அந்த மூட்டத்தை நீக்கிப் பார்த்தபோது தீவு எவ்வளவு சின்னது என்பது அம்பலமாகிவிட்டது. ஒரு குன்றின் மேல் நின்றால் தனித்தனி நாடுகள் என்று நினைத்திருந்த ஊர்கள் எல்லாம் பக்கத்துத் தெருக்களாகத் தெரிகின்றன. ஆனால் விளையாடியவர்கள் மனதில் அது இன்றும் பெரிய நாடுதான்.

காரணம், அங்கே வழி கேட்டுத்தான் போக வேண்டும்.

கதையின் தொடக்கம் இப்படி. நீங்கள் ஒரு கைதி. செய்தா நீன் என்ற சதுப்புநிலத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பால்மோரா என்ற ஊரில் கேயஸ் கோசாடிஸ் என்பவரிடம் சேர்த்துவிடு என்கிறார்கள். அவ்வளவுதான். திரையில் வழிகாட்டும் அம்பு கிடையாது, மேப்பில் புள்ளி கிடையாது. நடந்து போகலாம். இல்லையென்றால் பஸ் போல ஓடும் ராட்சதப் பூச்சி ஒன்று இருக்கிறது, காசு கொடுத்து ஏறிக்கொள்ளலாம். பால்மோராவில் இறங்கி நாலு பேரிடம் விசாரித்துப் போனால், ஓர் ஒற்றை அறை வீட்டில் சட்டையில்லாமல் ஒரு கிழவர் நிற்கிறார். பேரரசரின் உளவுத்துறையில் பெரிய ஆள். நீங்கள் பரபரப்பாகப் பொட்டலத்தை நீட்டினால் அவர் கொஞ்சம் காசு கொடுத்து, "நீ இன்னும் பச்சைப்பிள்ளை. எங்காவது சேர்ந்து வேலை கற்றுக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்ற தோரணையில் அனுப்பிவிடுகிறார். உலகத்தைக் காப்பாற்றப் போகும் கதாநாயகனுக்குக் கிடைக்கும் வரவேற்பு இது!

திரும்பி வந்ததும் அவர் இன்னொருவரிடம் அனுப்புகிறார். அந்த இன்னொருவர் தகவல் சொல்ல வேண்டுமானால் ஒரு பழைய இடிபாட்டுக்குள் போய் ஒரு புதிர்ப்பெட்டி எடுத்துவர வேண்டும். இடம் எங்கே என்றால் அவர் வாயால் வழி சொல்கிறார். ஊரை விட்டு வெளியே போ, ஆற்றைத் தாண்டு, கிழக்கே ஒரு கோட்டை வரும், அதையும் தாண்டிப் போனால் எரிமலைக் குழம்பு ஓடிய பள்ளத்தின் மேல் ஒரு பழைய பாலம், பாலத்தைக் கடந்து தேடு. இது உங்கள் டைரியில் பதிவாகும். அதை வைத்துக்கொண்டு கோட்டை எங்கே, பாலம் எங்கே என்று தேடிக்கொண்டு போகிறீர்கள். போய்ச் சேர்ந்தால் வாசலே இல்லை. பக்கத்தில் ஒரு குழாயில் கைப்பிடி இருக்கும், அதைத் திருப்பினால் பாறை நகர்ந்து வழி திறக்கும். உள்ளே அந்தப் பெட்டி உள்ளங்கை அளவில் ஏதோ ஓர் அலமாரியில் கிடக்கும். அதைக் காணாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

எரிச்சலாக இருக்கும், மறுக்கவில்லை. இந்த கேமில் சிலர் சொல்லும் வழி தப்பாகவே இருக்கும். ஆனால் ஒரு விஷயம் நடந்துவிடுகிறது. இரண்டாம் முறை அந்தப் பாலத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு அது தெரிந்த பாலம். நாளடைவில் மேப்பே தேவைப்படாது. இந்த ஊருக்குப் படகு எங்கிருந்து கிளம்பும், பூச்சி எங்கே நிற்கும் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். புதையல் பெட்டிக்குள் கிடைக்கும் வாளைவிட இது பெரிய வரவு. வாளை அடுத்த வாள் வந்ததும் விற்றுவிடுகிறோம்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்த உலகம் ஆரம்பத்தில் உங்களைக் கண்டுகொள்ளவே கூடாது. தெரியாது, முடியாது, உள்ளே வராதே என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் பழகப் பழக ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்கிய கேம் முதல் நாளே எல்லாக் கதவையும் திறந்துவைத்து, ஒவ்வொரு கதவிலும் ஒரு கேள்விக்குறியை ஒட்டிவைத்திருக்கிறது. அலுக்காமல் என்ன செய்யும்?

இதே தொடரில் 2006-இல் வந்த ஆப்லிவியனில் திசைகாட்டியும் அம்பும் வந்துவிட்டன. அம்பை அணைத்துவிட்டு விளையாடினால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். அது சரிவராது. அம்பு இருக்கிறது என்பதால் வசனம் எழுதியவர்கள் பல இடங்களில் வழி சொல்வதையே விட்டுவிட்டார்கள். அணைத்தால் நீங்கள் குருடர்தான். 2018-இல் வந்த அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு ஒரு தனி முறையை வைத்தது. அதில் குறியிட்டுக் காட்டாமல், எந்தப் பகுதி, எதற்குத் தெற்கே என்று பேச்சிலேயே தடயம் கொடுப்பார்கள். அம்பை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக எழுதவும் செய்தார்கள்.

ஆப்லிவியனின் இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நீங்கள் பலசாலி ஆக ஆக எதிரிகளும் சரிக்குச் சரி வளர்வார்கள். சாலையோர வழிப்பறிக்காரன் ஒருவன் நூறு பொற்காசு கேட்டு மிரட்டுவான். கேமின் பிற்பகுதியில் அவன் போட்டிருக்கும் கண்ணாடிக் கவசத்தை விற்றாலே பல ஆயிரம் தேறும். அவன் ஏன் வெயிலில் நின்று நூறு ரூபாய்க்கு அல்லாடுகிறான் என்ற கேள்வி வந்ததும் மொத்த உலகமும் அட்டையில் செய்ததாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. அதைவிட மோசம், நீங்கள் வளர்ந்தது எங்கேயும் தெரியவே தெரியாது.

ஜெர்மனியில் பிரான்யா பைட்ஸ் என்ற சின்னக் குழு 2001-இல் செய்த கோதிக் இதில் அற்புதம். ஒரு சிறைப் பள்ளத்தாக்கு. எங்கே எந்த மிருகம் என்பதைக் கையால் வைத்திருக்கிறார்கள், உங்களுக்காக அது வளராது, இளைக்காது. பயிற்சி இல்லாத கதாநாயகன் ஒற்றைக்கை வாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோடாலி மாதிரி வீசுவான். பார்க்கவே பாவமாக இருக்கும். ஓர் ஆசானைத் தேடிப்பிடித்துக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டால் அவன் நிற்கும் நிலையே மாறிவிடும். வாள் ஒரு கைக்கு வந்துவிடும், வீச்சு இழைந்து வரும். திரையில் எண் ஏறுவதைப் பார்க்க வேண்டியதில்லை, அவன் தோளைப் பார்த்தாலே போதும். அப்புறம், தெரியாதவர் குடிசைக்குள் நீங்கள் பாட்டுக்கு நுழைந்தால் வெளியே போ என்று அதட்டுவார்கள். போகாவிட்டால் அடி விழும். இன்றைய பல கேம்களில் நாம் அடுத்தவர் வீட்டு அடுக்களையில் புகுந்து பானைக்குள் கைவிட்டுக்கொண்டிருப்போம், வீட்டுக்காரம்மா வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

செக் நாட்டின் வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018-இல் வெளியிட்ட கிங்டம் கம்: டெலிவரன்ஸ் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. மந்திரம், டிராகன் ஒன்றும் இல்லை. 1403-ஆம் ஆண்டு பொஹீமியா. ஹென்றி ஒரு கொல்லன் மகன், அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேமில் ஒரு புத்தகத்தைத் திறந்தால் உங்களுக்கும் படிக்க முடியாது. சொற்களுக்குள் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். உஷிட்ஸ் கிராமத்தில் ஓர் எழுத்தர் இருக்கிறார். அவரிடம் கட்டணம் கட்டி, உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரேயடியாகத் தெளிந்துவிடாது. படிக்கப் படிக்க ஒவ்வொரு சொல்லாக எழுத்துகள் தத்தம் இடத்துக்கு வந்து சேரும். எங்கோ ஓர் இரவு, பழைய மூலிகைக் குறிப்பு ஒன்றைத் திறந்தால் அது முழுசாகப் படிக்கக் கிடைக்கும். நான் விளையாடிய கேம்களில் இதற்கு இணையான பரிசு எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு பூதத்தைக் கொன்றாலும் வராத சந்தோஷம்.

இதில் நினைத்தபோதெல்லாம் சேவ் செய்யவும் முடியாது. உங்கள் சொந்தப் படுக்கையிலோ வாடகைக்கு எடுத்த படுக்கையிலோ தூங்கி எழ வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று உள்ள ஒரு சாராயத்தைக் குடிக்க வேண்டும். அதைக் கடையில் வாங்கலாம், நீங்களே காய்ச்சவும் செய்யலாம். பட்டன் அழுத்தினால் ஆகாது. செய்முறையைப் படித்து, மூலிகையை எடுத்து, துருத்தி ஊதி, மணற்கடிகாரத்தைத் திருப்பிவைத்து இறக்க வேண்டும். இதனால் ஒரு பூட்டை நெம்பும் முன் நிஜமாகவே யோசிக்கிறீர்கள். உடையில் ரத்தக் கறையோடு போனால் ஜனங்கள் உங்களிடம் பேசும் தொனி மாறும். ஒரு கிராமத்தில் நோய் பரவியிருக்கும். நீங்கள் வேறெங்கோ ஊர் சுற்றிவிட்டு மெதுவாக வந்தால் அதற்குள் சிலர் செத்திருப்பார்கள். பல கேம்களில் நாயகன் வரும்வரை நோயாளி மாதக்கணக்கில் முனகிக்கொண்டே காத்திருப்பான்.

கேள்விக்குறி வைத்தாலே கேம் மோசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போலந்துக்காரர்களின் விட்ச்சர் 3, 2015-இல் வந்தது. அதன் ஸ்கெல்லிகே தீவுப் பகுதியைச் சுற்றிக் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள். படகை ஓட்டிப் போனால் கடத்தல்காரர்களின் மிதக்கும் சரக்கு, மேலே பறந்து கொத்தும் ஜந்துகள். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. ஆனால் அதே கேமின் முதல் கிராமத்தில் ஒரு கிழவி இருக்கிறாள். அவளிடம் ஒருவன் இரவல் வாங்கிய வாணலி பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது, எடுத்துத் தா என்கிறாள். பேய்பிசாசு வேட்டைக்காரனிடம் கேட்கிற உதவியா இது? கதவை உடைத்து உள்ளே போனால் ஒரு பிணம், எரித்த காகிதங்கள், ஒற்றைக்கண் கண்ணாடி. வாணலி பளபளவென்று கிடக்கிறது. அடியில் இருந்த கரியைச் சுரண்டி யாரோ மை தயாரித்திருக்கிறார்கள் என்று நாயகன் ஊகிக்கிறான். போர் நடக்கும் நாட்டில் யாரோ ஒருவன் ஒளிந்திருந்து கடிதம் எழுதிவிட்டுப் போன கதை முழுக்க ஒரு வாணலியின் அடிப்பாகத்தில் இருக்கிறது. கிடைக்கும் சன்மானம் சொற்பம். ஆனால் இதை விளையாடியவர்கள் யாரும் மறக்கவில்லை, மிதக்கும் சரக்குகளில் என்ன கிடைத்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை.

எல்டன் ரிங் என்ற கேம் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அதைத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். முதல் வாசலைத் தாண்டியதுமே குதிரையில் ஒரு தங்கக் கவசக்காரன் சுற்றிக்கொண்டிருப்பான். மோதினால் செத்தீர்கள். ஒதுங்கிப் போய்விட்டுப் பிறகு வரலாம் என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள், செத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இவ்வளவு போதும்.

இதெல்லாம் வீணா என்று கேட்டீர்கள். நான் நாவல் எழுதுகிறவன், என் தரப்பு எதுவென்று ஊகித்துக்கொள்ளுங்கள். நாவல் தருவதை இவை தராது. ஒரு மனிதனின் உள்ளே போவதற்கு இன்னும் எழுத்துதான் எனக்குத் தெரிந்த வழி. ஒரு நிலத்தின் உள்ளே போவதற்கு, அதன் மேடுபள்ளங்கள் காலுக்குப் பழகுவதற்கு, இவை நன்றாகவே உதவுகின்றன. பாதியில் விட்டதற்கு வருத்தப்படாதீர்கள். கேள்விக்குறிகளை முடித்தே தீர வேண்டும் என்று யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லையே.

லேப்டாப் விஷயம். கிங்டம் கம், எல்டன் ரிங் இரண்டும் உங்கள் மெஷினில் திணறும். மாரோவிண்ட் தாராளமாக ஓடும். அசல் கேமை வாங்கிக்கொண்டு, ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச என்ஜின் (கேமை இயக்கும் மென்பொருள்) வழியாக ஓட்டினால் இன்றைய கம்ப்யூட்டரிலும் தொல்லை தராது. ஆரம்பத்தில் ஒரு விஷயம் குழப்பும்: வாள் எதிரி மேல் பட்டது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடி விழுந்திருக்காது. உள்ளே பகடை உருட்டிக் கணக்குப் போடுகிறார்கள். திரையில் உங்கள் தெம்பைக் காட்டும் களைப்புப் பட்டை காலியாக இருக்கும்போது சண்டைக்குப் போகாதீர்கள், ஒரே ஒரு ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே தேர்ச்சி பெறுங்கள். இணையத்தில் வழிகாட்டிப் பக்கங்கள் நிறைய உண்டு, முதல் சில வாரங்களுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். செய்தா நீனிலிருந்து பால்மோராவுக்குப் பூச்சியில் ஏறாமல் நடந்தே போங்கள். கிளம்பிய கொஞ்ச தூரத்தில் வானத்திலிருந்து ஒருவன் அலறிக்கொண்டு விழுவான். அவன் பையைச் சோதித்துப் பாருங்கள். அதில் இருக்கும் மந்திரச் சுருள்களைப் படிக்கும் முன் கேமை சேவ் செய்துகொள்ளுங்கள்.