பாதி ரேட்டில் பாத்ரூம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

பழைய வீட்டில் வேலை எடுப்பது பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டேன்.

பாத்ரூமை இடித்துப் புதிதாகச் செய்ய மூன்று பேரிடம் கேட்டேன். இருவர் ஒன்றரை லட்சத்தை ஒட்டிச் சொன்னார்கள். மூன்றாமவர் 85,000 போதும் என்கிறார். அவருக்கே கொடுத்துவிடலாமா? (வாசகி, திருச்சி)

டைல்ஸும் குழாயும் கடையில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே விலைதான். அப்படியிருக்க 65,000 ரூபாய் எங்கே குறைகிறது என்று முதலில் கேளுங்கள். என் அனுபவத்தில் அது டைல்ஸுக்கு அடியில்தான் குறையும். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டுவார்கள். வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட்டுக்குப் பதில் ஒன்று, சில வீடுகளில் அதுவும் இல்லை. வெந்நீர் போகும் லைனுக்கு சூடு தாங்கும் சிபிவிசி பைப் போடாமல் சாதாரண பிவிசி பைப் போடுவார்கள். அது சூட்டில் இளகிவிடும்.

மூவரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, பைப்பைச் சுவருக்குள் மூடும் முன் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை. இன்னொன்று, டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் கட்டிப் பார்ப்பது. வடிகால் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் விட வேண்டும். மட்டம் இறங்கினாலோ கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ கசிவு இருக்கிறது.

என் அம்மா வீட்டில் இந்தச் சோதனைக்கு நேரமில்லை என்று வேலை எடுத்தவர் சொன்னதை நானும் ஒப்புக்கொண்டேன். எட்டே மாதத்தில் பக்கத்து அறைச் சுவரில் ஓதம் ஏறியது. ஒட்டிய டைல்ஸை மொத்தமாக உடைத்தோம். தூசியிலும் சத்தத்திலும் அம்மா பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மொட்டைமாடி ஒழுகுகிறது. இரண்டு வருடம் முன்பு குறைந்த ரேட்டில் ஒரு கோட்டிங் அடித்தோம். மறுபடி ஒழுகுகிறது. வேறு கம்பெனி கோட்டிங் மாற்றலாமா? (வாசகர், கடலூர்)

கோட்டிங்கை மாற்றும் முன் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மழை விட்டதும் மாடி ஏறினாலே தெரியும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் (சரிவு) இருக்க வேண்டும். அது இல்லாமல் தண்ணீர் தேங்கும் தளத்தில் எந்த கோட்டிங்கும் நாள்பட நிற்காது. அடுத்து, கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை. பெரும்பாலான கசிவு அங்கேதான் தொடங்கும். அந்த மூலையில் கலவையால் சரிவாக அணைத்துப் பூச வேண்டும். விரிசலைக் கீறி அகலப்படுத்தி அடைத்த பிறகே மேல்பூச்சு. சதுர அடிக்கு இவ்வளவு என்று மலிவாகப் பேசி வருபவர், இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக பிரஷ்ஷை எடுத்துவிடுவார்.

காலமும் முக்கியம். ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்ததும் அவசரத்தில் ஆள் கூப்பிடுகிறோம். ஈரத் தளத்தில் அடித்தால் கொப்பளித்து உரியும். பங்குனி, சித்திரையில் செய்யுங்கள்.

உள்ளே கூரையில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா? அப்படியானால் இது கோட்டிங் வேலையே இல்லை. துருப்பிடித்த கம்பி பருத்து காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே பூசி மறைத்தால் துரு உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கும். கட்டடத்தின் பலத்தைப் பார்த்துச் சொல்லும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரை எடுக்க, மேஸ்திரி இரண்டு நாள் வேலை என்கிறார். நாற்பது வருட வீடு. (வாசகி, காரைக்குடி)

இன்னும் கை வைக்க வேண்டாம். பழைய வீடுகள் பலவற்றில் தூண் கிடையாது. ஒன்பது அங்குலச் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புச்சுவர்தான், ஆனாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. இன்ஜினியருக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் இடமல்ல இது.

ஏசிக்கு ஏற்கெனவே உள்ள பிளக் லைனிலிருந்தே இழுத்துத் தருகிறேன், செலவு குறையும் என்கிறார் எலக்ட்ரீஷியன். (வாசகர், மதுரை)

வேண்டாம். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்சிபி (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக அணையும் சுவிட்ச்), எர்த் எல்லாம் வேண்டும். வயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இல்லையென்றால் இதே நேரத்தில் போட்டுவிடுங்கள். ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான், எம்சிபி அல்ல.

மொத்தத் தொகையில் 70 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்தேன். பாதி டைல்ஸ் ஒட்டியதோடு சரி, இப்போது போனை எடுப்பதில்லை. (வாசகர், வேலூர்)

ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொள்பவர்கள் உங்கள் அட்வான்ஸை வைத்து முந்தைய வீட்டு வேலையை முடிக்கிறார்கள். கூலி வராமல் கொத்தனாரும் சித்தாளும் பாதியில் போய்விடுகிறார்கள். அடுத்த முறை தொடக்கத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள்.

இப்போதைக்கு, இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மிச்ச வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிடும் முன், நின்றுபோன இடத்தைத் தேதியோடு படம் எடுத்து, எத்தனை சதுர அடி முடிந்திருக்கிறது என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.