சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு

திருமங்கலத்திலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் ஆறு வாரமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, ஒருவழியாக வாடகை வீடு கிடைத்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று சாவியில் இரண்டைத்தான் திருப்பிக் கொடுத்தாராம். மூன்றாவது யாரிடம் இருக்கிறதோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சாவியும் பாதித் திருகலில் சிக்குகிறது. பூட்டை நானே மாற்றலாமா? ஓனர் சண்டைக்கு வருவாரா? ஆளைக் கூப்பிட்டால் எவ்வளவு ஆகும்? அடுத்த மாதம் ஊரிலிருந்து நண்பன் வருகிறான், அவனிடம் ஒரு திண்டுக்கல் பூட்டு கொடுத்துவிடச் சொல்லட்டுமா?"

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். நான் இப்போது லீவில் மதுரைக்கு வந்து, செல்லூரில் அம்மா வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே வாசல் கதவு மல்லாக்கத் திறந்து கிடக்கிறது. உள்ளே ஒரு தாழ்ப்பாள், வெளியே நாதாங்கி, அதில் மாட்ட ஒரு பூட்டு. அவ்வளவுதான். காற்றடித்தால் படாரென்று சாத்திக்கொள்ளும், அம்மா போய்த் தள்ளினால் திறந்துகொள்ளும். நீங்களும் நானும் இருபது, இருபத்தைந்து வருஷம் இந்த மாதிரிக் கதவோடுதான் வளர்ந்தோம். பூட்டுவது என்பது நாமாக நின்று செய்கிற வேலை. பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்போம், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்போம்.

அங்கே உங்கள் வீட்டுக் கதவில் வெளிப்பக்கம் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. திருகினாலும் சுற்றாத ஒரு குமிழ்தான் இருக்கும். கதவைச் சாத்தினாலே முடிந்தது, சாவி இல்லாமல் வெளியிலிருந்து திறக்க முடியாது. பூட்டின் சிலிண்டரை, அதாவது சாவி நுழைகிற உருளையை, மாற்றுவதைவிட முதலில் இதைத்தான் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நான் ஏற்றிக்கொள்ள 420 யூரோ ஆனது.

போன புதிது, டிசம்பர் மாதம். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. குப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று, வீட்டுச் செருப்போடு, ஸ்வெட்டர்கூட இல்லாமல் இறங்கினேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. இரண்டாவது படியில் இருக்கும்போதே பின்னால் கதவு சாத்திய சத்தம். சாவி, போன், பர்ஸ் எல்லாம் உள்ளே. கீழ்வீட்டில் போனை வாங்கி, தேடியதும் பட்டியலில் முதலில் வந்த பூட்டுத் திறப்பு நம்பருக்கு அடித்தேன். விலை கேட்கவில்லை. பருப்பு அடிபிடித்துக் கொண்டிருக்கும் போது யார் விலை கேட்பார்கள்?

ஒருவர் வந்தார். கதவைப் பார்த்தார், ட்ரில்லை எடுத்தார், சிலிண்டரை ஓட்டை போட்டார், புதுசு ஒன்றை மாட்டினார், கார்டு மெஷினை நீட்டினார். மறுநாள் எதிர்வீட்டுப் பாட்டி அந்த பில்லைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சாவி போட்டுப் பூட்டாமல், வெறுமனே சாத்திக்கொண்ட கதவு அது. தொழில் தெரிந்தவர் வளைந்த கம்பி ஒன்றை இடுக்கில் விட்டே சேதமில்லாமல் திறந்துவிடுவாராம். ட்ரில் எடுத்ததே பில்லை ஏற்றத்தான். அது போதாதென்று, அவர் மாட்டிய சிலிண்டர் கதவுக்கு வெளியே அரை விரல் அளவுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. "திருடன் ஒரு பெரிய இடுக்கியால் பிடித்து ஒடிக்க வசதியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான்" என்றார் பாட்டி.

அந்தப் பாட்டிதான் எனக்கு சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொடுத்தவர். வயது எழுபதுக்கு மேல், கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆகவே ஆள் கூப்பிடுவதை மறந்துவிடுங்கள். இது குழாய்க்கு வாஷர் மாற்றுவதைவிடச் சுலபம், தண்ணீர்கூடத் தெறிக்காது.

ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். கட்டடத்தின் கீழ் வாசலையும் உங்கள் வீட்டையும் ஒரே சாவி திறக்கிறதா? திறந்தால், உங்கள் சிலிண்டர் தனி ஆள் இல்லை. மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்துச் செய்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே அதை ஷ்லீஸ்அன்லாகெ என்பார்கள். அதன் சாவியைக் கண்ட இடத்தில் நகல் போட முடியாது, அதற்கென்று ஓனரிடம் ஒரு பாதுகாப்பு அட்டை இருக்கும். இந்த வகை என்றால் ஓனரிடம் பேசாமல் கை வைக்காதீர்கள். அவர் சரி என்று சொல்லி உங்கள் வீட்டுக்கு மட்டும் வேறு சிலிண்டர் போட்டால், கீழ் வாசலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு சாவி தூக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை.

இந்த வகைச் சாவியைத் தொலைத்தால் என்ன ஆகும் என்று பயமுறுத்தாத ஆள் இருக்க மாட்டார். "கட்டடம் முழுக்க மாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கில் கட்டு" என்பார்கள். பாதி உண்மை. இப்படி ஒரு வழக்கு அங்கே நாட்டின் உச்ச நீதிமன்றமான பெடரல் நீதிமன்றம் வரைக்கும் போனது. ஒரு சாவி திரும்பி வரவில்லை என்று வாடகைக்காரரிடம் 1,468 யூரோ கேட்டார்கள், ஆனால் பூட்டை மாற்றவே இல்லை. 2014 மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது: பூட்டுகளை நிஜமாகவே மாற்றினால்தான் அந்தச் செலவை நஷ்டமாகக் கேட்க முடியும், மாற்றாமல் காசு மட்டும் கேட்கக் கூடாது. மாற்றினால் தலையில் விழத்தான் செய்யும். அதற்குத்தான் ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் என்கிற பொறுப்புக் காப்பீடு. எடுத்துவிட்டீர்களா? அதில் சாவி தொலைவதும் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எல்லாப் பாலிசியிலும் இருக்காது.

உங்கள் வீட்டுச் சாவி தனிச் சாவி என்றால் கவலையே இல்லை. வாடகைக்காரர் தன் வீட்டு சிலிண்டரைத் தன் செலவில் மாற்றிக்கொள்ளலாம். உங்களைக் கேட்காமல் ஒரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஓனருக்கு உரிமை இல்லை. நம்ம ஊரில் வீட்டுக்கார அம்மா, "குழாய்ல தண்ணி வருதான்னு பாத்தேன்ப்பா" என்று நாம் இல்லாத நேரத்தில் உள்ளே போய் வருவதெல்லாம் அங்கே நடக்காது. ஆனால் பழைய சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாவிகளோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வையுங்கள். காலி செய்யும் நாளில் அதையே திரும்ப மாட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்று: சாவி ஒன்று குறைகிறது என்பது ஓனருக்கே தெரியும் என்கிறீர்கள். வீடு ஒப்படைத்த தாளில் எத்தனை சாவி என்று எழுதியிருக்கிறது பாருங்கள். அதைச் சொல்லி, "மாற்றித் தர முடியுமா" என்று மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். செய்து கொடுத்தால் லாபம்.

கொடுக்கவில்லை என்றால் கடைக்குப் போக வேண்டியதுதான். அதற்கு முன்னால் அளவு எடுக்க வேண்டும், இதில்தான் எல்லோரும் தப்பு செய்வது. கதவைத் திறந்து, அதன் விளிம்பைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் லாக் பெட்டியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தவிர, சாவித் துவாரத்துக்கு நேர் உயரத்தில் தனியாக ஒரு ஸ்க்ரூ தலை தெரியும். மொத்த சிலிண்டரையும் பிடித்து வைத்திருப்பது அந்த ஒன்றேதான். அதன் நடுவிலிருந்து வெளிப்பக்கம் சிலிண்டர் முடியும் இடம் வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். அப்புறம் அதே நடுவிலிருந்து உள்பக்கம். வீட்டுக்கு வீடு இது மாறும், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. என்னுடையது வெளியே 30 மில்லிமீட்டர், உள்ளே 35. ஐந்து ஐந்தாக ஏறும் அளவுகளில் விற்பார்கள். எது வெளிப்பக்க அளவு என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் கடையில் நிற்கும்போது சந்தேகம் வந்துவிடும். எனக்கு வந்தது. மாட்டிய பிறகு வெளித் தகட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது. எனக்கு மாட்டிவிட்டுப் போன கதை ஞாபகம் இருக்கட்டும்.

சந்தேகமே வேண்டாம் என்றால் பழசைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம். ஆனால் நீங்கள் தனியாக இருப்பவர், அந்த நேரம் வீட்டுக்குப் பூட்டு இருக்காது. அளந்துகொண்டு போவதே நல்லது. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, தெரியும்தானே.

கடையில் ப்ரொஃபீல்சிலிண்டர் என்று கேளுங்கள். சாதாரணமானது 20 யூரோ பக்கம், துளைத்தாலும் ஒடித்தாலும் தாங்குகிற வகைக்குப் பல மடங்கு. நடுத்தரமாக ஒன்று போதும். ஆனால் அட்டையில் நோட் உண்ட் கெஃபாரென் ஃபங்க்ஸியோன் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆபத்து நேரத்து வசதி என்று அர்த்தம். உள்பக்கம் ஒரு சாவி செருகியிருந்தாலும் வெளியிலிருந்து இன்னொரு சாவியால் திறக்கலாம். இந்த வசதி இல்லாத சிலிண்டரில் உள்ளே சாவி இருந்தால் வெளிச் சாவி வேலை செய்யாது. ஒரு தடவை என் வீட்டுக்காரர் உள்ளே சாவியை விட்டுவிட்டு, காதில் ஹெட்போனோடு தூங்கிவிட்டார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த நான் கையில் சாவியை வைத்துக்கொண்டு, படிக்கட்டில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசியிருப்பேன் என்பதை எழுத முடியாது.

இனி வேலை. கதவைத் திறந்து வைத்து, சாத்திக்கொள்ளாதபடி கீழே ஒரு செருப்பைச் செருகுங்கள். அந்த நீள ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுங்கள், சுண்டுவிரல் அளவுக்கு வரும். இப்போது சிலிண்டரைப் பிடித்து இழுத்தால் வராது. பலம் போடாதீர்கள். சிலிண்டரின் நடுவில் ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கும், லாக்கை நகர்த்துவது அதுதான், அது இடித்துக்கொண்டு நிற்கிறது. சாவியைப் போட்டு, கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகும் அளவுக்கு மெதுவாகத் திருப்பியபடியே இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் பதினொன்றின் பக்கம். ஏதோ ஒரு இடத்தில் பல் உடம்புக்குள் மடங்கி, மொத்தமும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு வந்துவிடும். முதல் தரம் எனக்கு அது வந்த சுகம் இருக்கிறதே, வெள்ளரிப் பிஞ்சை ஒடித்த மாதிரி.

புதியதை அதே போல சாவியைத் திருப்பி, பல்லை மறைத்து உள்ளே விடுங்கள். ஸ்க்ரூ ஓட்டை நேராக வந்ததும் பழைய ஸ்க்ரூவையே போடலாம், நீளம் சரியாக இருக்கும். கை இறுக்கம் போதும். நம் ஆட்களுக்கு எதையும் மூச்சைப் பிடித்து முறுக்கினால்தான் திருப்தி. இதில் முறுக்கினால் சிலிண்டர் வளைந்து சாவி சிக்கும். உங்கள் பூட்டு சிக்குவதற்கே அது காரணமாக இருக்கலாம், முதலில் அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். பிறகு கதவு திறந்திருக்கும்போதே உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எல்லாச் சாவியையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். எல்லாம் சரி என்றான பிறகே கதவைச் சாத்த வேண்டும். அதுவும் பாக்கெட்டில் சாவியோடு.

சிக்குகிறதே என்று எண்ணெய் விட நினைத்தால் வேண்டாம். அம்மா இங்கே எல்லாப் பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறார், மதுரை வெயிலுக்கு அது ஓடும். அங்கே குளிரில் அது பாட்டிலிலேயே கட்டியாக நிற்கிறது, பூட்டுக்குள் போய் என்ன செய்யும்? தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் தூள், அல்லது பூட்டுக்கென்றே விற்கும் ஸ்ப்ரே, அவ்வளவுதான்.

மாற்றி முடித்ததும் ஒரு சாவியை வீட்டுக்கு வெளியே வைக்க வழி பண்ணுங்கள். இங்கே மீட்டர் பெட்டி மேலே வைப்போம், பூந்தொட்டிக்கு அடியில் வைப்போம், பக்கத்து வீட்டில் "அத்தை, அவரு வந்தா குடுத்துருங்க" என்று நீட்டுவோம். அங்கே முதல் இரண்டும் கூடாது. மூன்றாவது நடக்கும், ஆள் பழகக் கொஞ்ச நாள் ஆகும். என் சாவி ஒன்று எதிர்வீட்டுப் பாட்டியிடம் இருக்கிறது, அவர் சாவி என்னிடம் இருக்கிறது. அதுவரை ஆபீஸ் மேஜையில் ஒன்று வையுங்கள். அப்படியும் மாட்டிக்கொண்டால், பக்கத்துத் தெருவில் நிஜமாகவே கடை வைத்திருக்கும் ஆளைத் தேடிக் கூப்பிட்டு, மொத்தம் எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கதவு சாத்திக்கொண்டது மட்டும்தான், பூட்டவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நல்ல ஆளுக்கு ட்ரில் வேண்டியிருக்காது.

அந்த 420 யூரோக் கதையை நேற்று அம்மாவிடம் சொன்னேன், இத்தனை வருஷம் கழித்து. ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு, "கதவைச் சாத்துனதுக்கா இவ்வளவு குடுத்த?" என்று கேட்டவர், இன்று காலையிலிருந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காய்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது.

திண்டுக்கல் பூட்டுக்கு வருகிறேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது, அதன் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டுவதற்கு உங்கள் வாசல் கதவில் நாதாங்கி இல்லையே. என்றாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கென்று கெல்லரில், அதாவது நிலத்தடியில், ஒரு சின்ன சாமான் அறை கொடுத்திருப்பார்கள், போய்ப் பார்த்தீர்களா? பெரும்பாலும் மரச்சட்டம் அடித்த கதவும் கொண்டியுமாக, அச்சு அசல் நம்ம ஊர் ஆட்டுக்கொட்டகை மாதிரியே இருக்கும். அங்கே தொங்குபூட்டுதான் போட வேண்டும். என்னுடையதில் பத்து வருஷமாக ஒரு மாங்காய்ப் பூட்டு தொங்குகிறது. கட்டடம் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் முதல் நாள் அதைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சைக்கிள் ஒன்றும், இட்லிக் குண்டான் ஒன்றும். நண்பனிடம் மறக்காமல் சொல்லுங்கள், பூட்டைக் கைப்பையில் வைக்க வேண்டாம், பெட்டியில் போடட்டும்.