யோசனை கேட்பதும் ஒரு தேர்வுதான்

கேள்வி: மனிதன் சுதந்திரமாக இருக்கும்படி சபிக்கப்பட்டவன் என்கிறார் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர். எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று எண்ணத் தொடங்கினால் மன நிம்மதி போய்விடாதா?

பதில்: போகத்தான் செய்யும், சார்த்தர் அதை மறைக்கவும் இல்லை. 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில், பிரான்ஸ் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில் தம்மைத் தேடி வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். அவனுடைய அண்ணன் 1940 ஜெர்மானியத் தாக்குதலில் இறந்துவிட்டான். தந்தையோ எதிரியோடு ஒத்துப்போகிறவர். தாய்க்கு இவனை விட்டால் ஆதரவில்லை. இங்கிலாந்துக்குப் போய், ஜெர்மனியை எதிர்த்துப் போரிடும் சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் சேர்வதா, தாயோடு இருந்துவிடுவதா என்று தவித்தவனுக்கு, ‘நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்துகொள்’ என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டார் என்றே முதலில் தோன்றும். ஆனால் பாதிரியாரிடம் யோசனை கேட்கப் போகிறவன், அவர் என்ன சொல்வார் என்பதை ஓரளவு அறிந்தே அவரைத் தேர்கிறான் என்று சார்த்தர் அதே உரையில் சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘பெரியவர்கள் சொன்னார்கள், செய்தேன்’ என்பதில் கிடைக்கும் நிம்மதி, நம் தேர்வை நம்மிடமிருந்தே ஒளித்துவைத்துப் பெறும் நிம்மதி. அது நெடுநாள் நிற்பதில்லை.

கேள்வி: அப்படியானால் பதற்றமாக இருப்பதே ஆரோக்கியம் என்கிறீர்களா?

பதில்: இல்லை. படுபாதாளத்தை எட்டிப் பார்ப்பவனுக்கு வரும் தலைச்சுற்றலைப் போன்றது சுதந்திரத்தின் பதற்றம் என்று 1844இலேயே டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்ட் எழுதினார். வேலையை விடுவதா, மணம் புரிவதா என்ற முடிவுகளுக்கு முன் எழும் இந்தக் கலக்கம் நோயன்று. அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1980இல் வெளியிட்ட நூலில் மரணம், தனிமை, அர்த்தமின்மை ஆகியவற்றோடு சுதந்திரத்தையும் மனிதனை அலைக்கழிக்கும் அடிப்படைக் கவலைகளுள் ஒன்றாக வைத்து, அதை நேருக்கு நேர் பேசுவதையே சிகிச்சையின் பகுதியாக்கினார். ஆனால் வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் இழந்து, எழுந்து முகம் கழுவவும் மனமின்றிக் கிடப்பவரிடம் போய், ‘இதுவும் நீ தேர்ந்ததுதானே’ என்று தத்துவம் பேசுவது கொடுமை. அவருக்கு முதலில் வேண்டியது மருத்துவர். சுதந்திரம் பற்றிய சார்த்தரின் தொடக்ககால வாதங்களில் இந்த வேறுபாட்டுக்குப் போதிய இடமில்லை என்பது என் கருத்து. பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் த பொவ்வார் 1947இல், ஒடுக்கப்பட்டோருக்குத் தேர்வின் வாசலே அடைக்கப்பட்டிருக்கலாம் என்று எழுதியபோது அந்தக் குறையை ஓரளவு சரிசெய்தார்.