பன்மொழி நாடுகளில் அரசியல்வாதிகளின் மொழிப் பேச்சு நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்குமா?

பல மொழிகள் இருப்பதே ஒரு நாட்டுக்கு ஆபத்து என்ற எண்ணத்தில் கேட்டிருக்கிறீர்கள் போலும். இலங்கையில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க இயலாது. இங்கே ஆபத்தாக முடிந்தது, மொழியை வைத்து மேடையில் கொடுக்கப்பட்ட வாக்குறுதிதான்.

சிங்களத்தை 24 மணி நேரத்தில் அரசகரும மொழியாக்குவதாகச் சொல்லி 1956 தேர்தலில் பண்டாரநாயக்கா வென்று பிரதமரானார். ஜூன் 5 அன்று சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் அடித்து விரட்டப்பட்டனர். அதே மாதம் கிழக்கே கல்லோயாவில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் உயிர்கள் போயின. மறு ஆண்டு தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன், தமிழுக்கும் இடம் தருவதாகத் தாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, பிக்குகள் தம் வீட்டு வாசலில் அமர்ந்து எதிர்த்ததும் 1958 ஏப்ரலில் அவரே கைவிட்டார். மே மாதத்தில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. தம் பேச்சால் கிளம்பிய கூட்டத்தை அடக்க அவருக்கு அவசரகால நிலையும் இராணுவமும் தேவைப்பட்டன.

தமிழ் இளைஞர்கள் பின்னாளில் ஆயுதமேந்தியதை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். போருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால், அந்த மேடைப்பேச்சு சட்டமாகி, பொலிஸ் நிலையத்தின் மேசைவரை வந்து சேர்ந்ததை நான் நேரில் கண்டவன். கொழும்பில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் திருட்டுப்போனபோது முறைப்பாடு கொடுக்கப் போனேன். அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். நான் தமிழிலும் அரைகுறைச் சிங்களத்திலும் சொன்னதை அவர் சிங்களத்தில் எழுதி, ஒருமுறை வேகமாக வாசித்துவிட்டு, கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். காப்புறுதிக்காகப் பிரதி எடுத்து, பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னபோதுதான், பின்கதவுப் பூட்டை உடைத்தார்கள் என்று நான் சொன்னது, கதவு பூட்டப்படாமல் இருந்தது என்று பதிவாகியிருப்பது தெரிந்தது. அதைத் திருத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. பொலிஸ் நிலையங்களில் இருமொழி தெரிந்த அதிகாரிகள் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று 2011இல், போர் முடிந்தபின் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவும் பரிந்துரைத்தது. இருந்தும், அதன் பிறகு எங்கள் ஒழுங்கையில் முன்பின் தெரியாத ஒருவர் பல நாட்கள் நோட்டம் பார்த்துத் திரிந்தபோது, பொலிஸுக்குச் சொல்லலாம் என்றேன். என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டு வம்பில் மாட்டவா என்று அம்மா தடுத்துவிட்டார்.