டிகேஇன்டரில் இரண்டு தீம்களைக் கலப்பது

பைத்தானில் சாளரங்கள் அமைக்க உதவும் டிகேஇன்டரில், விஸ்டா தீமில் என்ட்ரி (எழுத்து உள்ளிடும்) பெட்டியின் பின்னணி நிறம் மட்டும் மாறவில்லை, கிளாம் தீமுக்குப் போனால் பட்டன்கள் அசிங்கமாகிவிடுகின்றன என்கிறீர்கள். டிகேஇன்டரின் தீம் வசதியான டிடிகேவில் ஒரு நேரத்தில் ஒரே தீம்தான் இயங்கும். ஆனால் இன்னொரு தீமின் ஒரு உறுப்பை (எலிமென்ட்) மட்டும் இரவல் வாங்கலாம்!

விஸ்டாவில் அந்தப் பெட்டியை விண்டோஸே வரைகிறது. அதனால்தான் பின்னணி நிறத்துக்கான ஃபீல்ட்பேக்கிரவுண்டைக் கண்டுகொள்வதில்லை. முதலில் தீம்_யூஸ் மூலம் விஸ்டாவைத் தேர்ந்தெடுங்கள். இந்த வரிசை முக்கியம். உறுப்பும் லேஅவுட்டும் (உறுப்புகளின் அடுக்கு) அப்போது இயங்கும் தீமில்தான் பதிவாகும். அடுத்து எலிமென்ட்_கிரியேட்டில் 'ஃப்ரம்', 'கிளாம்' கொடுத்து, பெட்டியை வரையும் உறுப்பான என்ட்ரி.ஃபீல்டுக்குப் புதுப்பெயர் வையுங்கள். லேஅவுட்டில் என்ட்ரி.ஃபீல்டு இருக்கும் இடத்தில் அதைப் போடுங்கள். பேடிங் (உள் இடைவெளி), டெக்ஸ்ட்ஏரியா (எழுத்துப் பகுதி) அதனுள் அப்படியே இருக்கட்டும். இந்த லேஅவுட்டின் ஸ்டைல் பெயர் .டிஎன்ட்ரி என்று முடியட்டும்; அதையே உங்கள் என்ட்ரி பெட்டிக்கு ஸ்டைலாகக் கொடுங்கள். பிறகு கான்ஃபிகரில் அந்த ஸ்டைலுக்கு ஃபீல்ட்பேக்கிரவுண்ட் நிறம் கொடுங்கள், மாறிவிடும். பட்டன்கள் விஸ்டாவிலேயே இருக்கும்.